அசிட்டிக் அமில பாட்டிலுக்குள் ஜோடியா, சங்கிலியா? ஒரு ராமன் பட்டையின் கதை

கரைசல்கள் பாடம் நடத்தும் வேதியியல் ஆசிரியர்கள் எல்லோரும் இந்த உதாரணத்தைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். அசிட்டிக் அமிலத்தைப் பென்சீனில் கரைத்து, உறைநிலைத் தாழ்வை அளந்து, மூலக்கூறு நிறையைக் கணக்கிட்டால் 60 வராது. 120-ஐ ஒட்டி வரும். கரைசலில் உண்மையில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கையைக் கரைத்த மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் வாண்ட் ஹாஃப் காரணி ஏறக்குறைய 0.5. இரண்டு மூலக்கூறுகள் எதிரெதிராக நின்று, ஒன்றின் ஓ–எச் மற்றதன் கார்பனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, எட்டு அணு வளையமாக மூடிக்கொள்கின்றன. கரும்பலகையில் அந்த வளையத்தை வரைந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் புள்ளிக்கோடு போட்டதும் பாடம் முடிந்துவிடும்.

அதன்பிறகு மாணவர் மனத்தில் நிற்கும் சித்திரம் வேறு. அலமாரியில் இருக்கும் சுத்தமான அசிட்டிக் அமிலமும் இந்த வளைய ஜோடிகளின் குவியல்தான் என்று எண்ணிக்கொள்வார்கள். ஆய்வு மாணவர்களிலும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். பென்சீனில் அளந்த உண்மையை யாரும் அனுமதி கேட்காமலே தூய நீர்மத்துக்கும் நீட்டிவிட்டோம். அந்த நீட்டல் சரியா என்று கேட்டபோது, மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாற்றத்திலிருந்து அதன் அதிர்வுகளை வாசிக்கும் ராமன் நிறமாலை ஒரு பட்டையைக் காட்டியது. அதே பட்டையை 1999-இல் ஒரு குழு ஒரு விதமாக வாசித்தது. 2014-இல் இன்னொரு குழு வேறு விதமாக வாசித்தது. இந்தக் கட்டுரை அந்தப் பட்டையைப் பற்றியது. இப்படி ஜோடி சேரும் அமிலங்கள் எத்தனையோ இருக்க, அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதில்தான் சண்டை உண்மையாகவே நடந்தது.

முன்பே தெரிந்திருந்தவை

ஆவியில் சந்தேகமே இல்லை. ஃபார்மிக் அமில ஆவியில் எலக்ட்ரான் விளிம்பு வளைவு ஆய்வு செய்து 1934-இல் பாலிங்கும் பிராக்வேயும் வளைய இருபடியின் (இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்த ஜோடியின்) வடிவத்தைக் காட்டினார்கள். அசிட்டிக் அமிலமும் அப்படியே. அறை வெப்பநிலையில் அதன் நிறைவுற்ற ஆவியில் பெரும்பாலான மூலக்கூறுகள் ஜோடியாகவே திரிகின்றன. 118 டிகிரி கொதிநிலையில்கூடப் பாதிக்கு மேற்பட்டவை ஜோடி பிரியாமல்தான் ஆவியாகின்றன. இதை வேறு வழியிலும் பார்க்கலாம். சாதாரண நீர்மங்களுக்கு ஆவியாதல் வெப்பத்தைக் கொதிநிலையால் வகுத்தால் 88 ஜூல்/கெல்வின்/மோல் அளவில் வரும், ட்ரூட்டன் விதி. அசிட்டிக் அமிலத்துக்கு 23.7 கிலோஜூலை 391 கெல்வினால் வகுத்தால் 61-ஐத் தாண்டாது. ஹைட்ரஜன் பிணைப்புள்ள நீர்மத்துக்கு இந்த எண் கூடுதலாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆவியாகும்போது அந்தப் பிணைப்புகளை உடைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராததால் எண் இறங்கிப்போகிறது.

படிகத்தில் கதை தலைகீழ். ஃபார்மிக் அமிலப் படிகத்தின் கட்டமைப்பு 1953-இல் வந்தது, அசிட்டிக் அமிலத்துடையது 1958-இல். இரண்டிலும் வளையம் கிடையாது. ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறுகள் இரண்டோடு ஒற்றை ஒற்றைப் பிணைப்பாகக் கோத்து, முடிவில்லாத சங்கிலியாகப் போகிறது. மற்ற கார்பாக்சிலிக் அமிலங்களில் பெரும்பாலானவை படிகத்திலும் வளையமாகவே அடுக்கிக்கொள்ளும். பென்சாயிக் அமிலம் நல்ல உதாரணம். குடும்பத்தின் மூத்தவை இரண்டும் சங்கிலிப் பிடிவாதம்.

ஆக, நீர்மம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மின்புலத்தை அது எவ்வளவு தணிக்கிறது என்பதைக் காட்டும் மின்காப்பு மாறிலி ஒரு துப்பு தருகிறது. வளைய இருபடியில் இரண்டு பாதிகளின் இருமுனைத் திருப்புத்திறனும் (நேர், எதிர் மின்னூட்டங்கள் பிரிந்து நிற்பதன் அளவு) ஒன்றையொன்று அழித்துவிடும். எனவே வளையம் நிறைந்த நீர்மத்துக்கு அந்த மாறிலி தாழ்வாக இருக்க வேண்டும். ஃபார்மிக் அமிலத்துக்கு 16 டிகிரியில் ஏறத்தாழ 58. அங்கே வளையம் குறைவு என்பது தெளிவு. அசிட்டிக் அமிலத்துக்கு 6-ஐ ஒட்டி. புரோப்பியானிக் அமிலத்துக்கு 3.4, பியூட்டிரிக் அமிலத்துக்கு 3. இந்த வரிசையில் அசிட்டிக் அமிலத்தின் 6 எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். வளையம் மட்டும்தான் என்றால் தம்பிகளைப் போல இன்னும் இறங்கியிருக்க வேண்டும். சூடாக்கும்போது மற்ற முனைவுள்ள நீர்மங்களைப் போலக் குறையாமல் சற்றே ஏறவும் செய்கிறது. வளையங்கள் திறந்து முனைவுள்ள துண்டுகள் கூடுகின்றன என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஆனால் இப்படிப்பட்ட மொத்த அளவீடு எதுவும் உள்ளே எந்த வடிவம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதற்கு அதிர்வு நிறமாலை வேண்டும்.

ஒரே அதிர்வு, இரண்டு எண்கள்

பிணைப்பில் சேராத தனி மூலக்கூறில் கார்பனைல் நீட்சி அதிர்வு ஆவியில் 1790 செ.மீ⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்று சொல்லும் அலைஎண் அலகு) பக்கத்தில் இருக்கும். ஹைட்ரஜன் பிணைப்பு வந்ததும் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு சற்றுத் தளர்ந்து, எண் இறங்கும். இதுவரை எளிது. வளைய இருபடியில் இரண்டு கார்பனைல்கள் இருப்பதால்தான் விஷயம் சுவையாகிறது. ஒரே சட்டத்தில் தொங்கும் இரண்டு ஊஞ்சல்களைப் போல, ஒன்றின் ஆட்டம் மற்றதைத் தொடாமல் இருக்காது. ஆகவே 'முதல் மூலக்கூறின் அதிர்வு', 'இரண்டாவதன் அதிர்வு' என்று தனித்தனியாக இருப்பதில்லை. இரண்டும் ஒரே கணத்தில் நீளும் ஒத்த கட்ட அதிர்வு ஒன்று, ஒன்று நீள மற்றது சுருங்கும் எதிர்க் கட்ட அதிர்வு ஒன்று என இரண்டு கூட்டு அதிர்வுகள்தான் இருக்கும்.

வளையத்துக்கு நடுவில் ஒரு சமச்சீர் மையம் இருக்கிறது. ஒத்த கட்டத்தில் இரண்டு கார்பனைல்களும் எதிரெதிர்த் திசையில் நீளுகின்றன. இருமுனை மாற்றம் கூட்டினால் பூஜ்யம். அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணுக்கே படாது. ஆனால் எலக்ட்ரான் மேகத்தின் முனைவாகுதிறன், அதாவது ஒளியின் புலத்துக்கு அது நெளிந்துகொடுக்கும் அளவு, இரண்டு பக்கமும் சேர்ந்தே விரிகிறது. ராமனில் அது பலமாகத் தெரியும். எதிர்க் கட்டத்தில் நிலைமை அப்படியே மாறிவிடும். சமச்சீர் மையமுள்ள மூலக்கூறில் அகச்சிவப்பில் தெரியும் அதிர்வு ராமனில் தெரியாது, ராமனில் தெரிவது அகச்சிவப்பில் தெரியாது என்ற பரஸ்பர விலக்கு விதி இதுதான்.

ஃபார்மிக் அமில ஆவியின் இருபடியில் இது பளிச்சென்று தெரியும். ராமனில் கார்பனைல் 1670-ஐ ஒட்டி, அகச்சிவப்பில் 1745-ஐ ஒட்டி. எழுபத்தைந்து அலகு இடைவெளி. ஒரே வகைப் பிணைப்பை இரண்டு கருவிகளில் அளந்து, இவ்வளவு தள்ளி இரண்டு எண்கள் வந்தால், அளவீட்டுப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒத்த கட்ட அதிர்வு ஏன் கீழே இறங்குகிறது என்பதற்கு ஒரு காரணம், பக்கம் பக்கமாக எதிரெதிர் நோக்கி நிற்கும் இருமுனைகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பது.

தூய அசிட்டிக் அமில நீர்மத்திலும் இதே மாதிரி: ராமனில் 1668-ஐ ஒட்டி, அகச்சிவப்பில் 1715-ஐ ஒட்டி. முதல் பார்வையில் வழக்கு இங்கேயே முடிந்தது போலத் தோன்றும். நீர்மத்திலும் எண்கள் பொருந்தவில்லை, ஆகவே சமச்சீர் மையம் உண்டு, ஆகவே வளையம். பல பாடநூல்கள் இந்த இடத்தில்தான் நிறுத்திக்கொண்டன. சிக்கல் என்னவென்றால், நீண்ட சங்கிலியில் அடுத்தடுத்து நிற்கும் கார்பனைல்களும் ஒன்றையொன்று தொட்டே அதிரும். அங்கேயும் கூட்டு அதிர்வுகள் உண்டு, அவற்றில் சில ராமனில் பலமாகவும் சில அகச்சிவப்பில் பலமாகவும் வரும். முழு விலக்கு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் நீர்மத்தின் அகலமான பட்டையில் 'முற்றிலும் இல்லை' என்பதையும் 'பலவீனமாக இருக்கிறது' என்பதையும் பிரிக்க நல்ல கண் மட்டும் போதாது.

கருவியில் வைத்தால் தெரிவது

இதைச் செய்து பார்க்க நினைப்பவருக்குப் பட்டையின் முகத்தைச் சொல்லிவிடுகிறேன். 532 நானோமீட்டர் பச்சை லேசர், மூடியுள்ள குவார்ட்ஸ் குப்பி, சில நொடி வெளிப்பாடு போதும். சிலிக்கான் தகட்டின் 520.7 கோட்டில் கருவியைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இன்று நொடிகளில் முடியும் இந்த வேலைக்கு ஒரு காலத்தில் பாதரச விளக்கும் ஒளிப்படத் தகடும் மணிக்கணக்கான காத்திருப்பும் தேவைப்பட்டன. 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் திருவானைக்காவல் ராமனும் வத்திராயிருப்புக் கிருஷ்ணனும் இந்தச் சிதறலைப் பிடித்தபோது பரிசோதித்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட சாதாரண நீர்மங்களைத்தான். மார்ச் 31-இல் வெளியான 'நேச்சர்' கடிதத்தில் சுமார் அறுபது நீர்மங்கள் என்று எழுதினார்கள். அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே, அமிலத்தில் நீர் சேர்த்தால் கார்பனைல் கோடு நகர்வதைப் பலர் பார்த்துவிட்டார்கள். கேள்வி அவ்வளவு பழசு.

திரையில் முதலில் கண்ணைக் கவர்வது 2944-இல் மீத்தைல் தொகுதியின் கூரான உச்சி. பிறகு 893-இல் சி–சி நீட்சி, 621-இல் கார்பாக்சில் வளைவு. ஓ–எச் நீட்சி இருக்கிறதா என்று தேட வேண்டும். அகச்சிவப்பில் 2500 முதல் 3300 வரை மலைபோலக் கிடக்கும் அந்தப் பட்டை ராமனில் தரையோடு தரையாக இருக்கும். கார்பனைல் பகுதிக்கு வந்தால், உச்சி 1668-ஐ ஒட்டி. ஆனால் வடிவம் கோணல். இடப்பக்கம், அதாவது தாழ்ந்த அலைஎண் பக்கம், ஓரளவு செங்குத்தாக இறங்கும். உயர் பக்கம் 1715 அருகே தோள் தட்டி, 1760 வரை வால் இழுத்துக்கொண்டு போகும். முழு வழக்கும் இந்தத் தோளிலும் வாலிலும் இருக்கிறது. வளையம் மட்டும்தான் என்றால் ராமன் பட்டைக்குத் தோள் எதற்கு?

இங்கே ஓர் எச்சரிக்கை. பளிங்கு அசிட்டிக் அமிலம், அதாவது நீர் கலக்காத அமிலம், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எடையில் ஒரு சதவீதம் நீர் என்பது மூலக்கூறு எண்ணிக்கையில் முப்பது அமிலத்துக்கு ஒரு நீர். தோளைப் பற்றி வாதாடுபவருக்கு இது பெரிய அளவு. விலையுயர்ந்த கருவி இல்லாமலே சோதிக்கலாம். தூய அமிலம் 16.6 டிகிரியில் உறையும். ஒரு சதவீத நீருக்கு அந்த எண் ஏறக்குறைய இரண்டு டிகிரி இறங்கும். சென்னையிலோ மதுரையிலோ பாட்டில் தானாக உறைவதை யாரும் பார்த்திருக்க மாட்டோம். உதகை ஆய்வகத்தில் மார்கழியில் பார்க்கலாம். மற்ற ஊர்களில் பனிக்கட்டி நீரில் சோதனைக் குழாயை வைத்து வெப்பமானியோடு உட்கார வேண்டியதுதான். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். கரிம வேதியியல் ஆய்வகத்தில் பாதி தீர்ந்து பல வருடம் நின்ற பாட்டிலிலிருந்து எடுத்த நிறமாலையை 'தூய நீர்மம்' என்று பெயரிட்டு வைத்துக்கொண்டு மூன்று பட்டை, நான்கு பட்டை என்று பொருத்துவதில் அர்த்தமில்லை.

வினிகர் போன்ற நிறமுள்ள மாதிரிக்குப் பச்சை லேசர் உடன்வராது, ஒளிர்வு எல்லாவற்றையும் மூடிவிடும். 785 நானோமீட்டர் லேசருக்கு மாறினால் கார்பனைல் 903 நானோமீட்டரில் விழுந்து நன்றாகத் தெரியும். 2944 உச்சியோ 1021-இல் விழும், அங்கே சிலிக்கான் கேமரா கிட்டத்தட்டக் குருடு.

1999-இன் வாசிப்பு

ஜப்பானில் ஒகசாகியிலுள்ள மூலக்கூறு அறிவியல் நிறுவனத்தில் நொபுயுகி நிஷியின் குழு இந்தக் கேள்வியை வேறு முனையிலிருந்து பிடித்தது. கார்பனைல் பகுதியில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. ஆகவே மூலக்கூறுகளுக்கு இடையிலான அதிர்வுகள் விழும் 200 செ.மீ⁻¹-க்குக் கீழுள்ள பகுதியையும் பார்ப்போம் என்றார்கள். நியாயமான யோசனை. இரண்டு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பு வழியாக நெருங்கி விலகும் அசைவு அங்கேதான் இருக்கிறது. தனி மூலக்கூறுக்கு அந்த அசைவே கிடையாது.

அங்கே அளப்பது லேசான காரியமில்லை. லேசர் கோட்டின் விளிம்பு மிகப் பக்கத்தில் இருக்கிறது. சாதாரண விளிம்பு வடிகட்டி போட்ட கருவி நூறுக்குக் கீழே எதையும் காட்டாது. வெப்பத்தால் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகளின் பங்கையும் கழித்துத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தைச் செய்து, முதற்கொள்கைக் கணக்கீடுகளோடு (குவாண்டம் விதிகளிலிருந்தே தொடங்கும் கணினிக் கணக்குகளோடு) ஒப்பிட்டு, தூய நீர்மத்தின் அடிப்படை அலகு வளையம் அல்ல, பக்கவாட்டு இருபடி என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு பலமான ஓ–எச் பிணைப்பும், மீத்தைல் ஹைட்ரஜன் ஆக்சிஜனைத் தொடும் ஒரு பலவீனமான பிணைப்பும் கொண்ட அமைப்பு அது. படிகத்தின் சங்கிலியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. நீர்மம் என்பது அத்தகைய துண்டுகள் சேர்ந்த சங்கிலிக் கொத்துகள் என்றார்கள்.

அதே ஆண்டில் நீர்க் கரைசலைப் பற்றிய அவர்களுடைய இரண்டாவது கட்டுரை இன்னும் துணிச்சலானது. நீர் சேர்த்தாலும் அமில மூலக்கூறுகள் நீரோடு கலந்து தனித்தனியாகப் பிரிவதில்லை; அமிலம் அமிலத்தோடே ஒட்டிக்கொண்டு நுண்ணிய கொத்துகளாக நிற்கிறது என்றது அது. கண்ணுக்கு ஒரே நீர்மம், மூலக்கூறு அளவில் இரண்டு பேட்டைகள்.

இந்தக் கட்டுரைகளை நான் மதிக்கிறேன், ஆனால் தாழ் அலைஎண் வாதத்தின் மீது அவ்வளவு பாரம் ஏற்றியிருக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். அந்தப் பகுதியில் நீர்மங்கள் எல்லாம் மேடு மேடாக, அகலமாகத்தான் தெரியும். கலவையின் மேட்டை இரண்டு மூன்று கூறுகளின் கூட்டலாக எழுத முடிந்தது என்பதால் அந்தக் கூறுகள் உண்மையிலேயே தனித்தனி இனங்களாக உள்ளே இருக்கின்றன என்றாகிவிடாது. அகலமான வளைவுகளைச் சேர்த்தால் அகலமான எந்த வளைவும் கிடைக்கும்.

2014: நீர்க்கச் செய்து பார்த்தல்

ஜெர்மனியின் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் லுட்கென்ஸ், ஃப்ரீட்ரிசிக், லோக்புருன்னர் மூவரும் மறுபடி கார்பனைல் பகுதிக்கே திரும்பினார்கள். அவர்கள் போட்ட கேள்வி எளிமையானது, அதனாலேயே பலமானது. வளைய இருபடி மட்டுமே இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு சூழலில் ராமன் பட்டை எங்கே, எந்த வடிவில் விழுகிறது? அங்கிருந்து செறிவை ஏற்றிக்கொண்டே தூய நீர்மம் வரை போனால் அந்தப் பட்டைக்கு என்ன ஆகிறது?

அந்தச் சூழல் கார்பன் டெட்ராகுளோரைடு. அமிலத்தோடு அது ஹைட்ரஜன் பிணைப்பு போடாது. அதன் ராமன் கோடுகள் 218, 314, 459, பிறகு 760–790 என்று கீழேயே முடிந்துவிடுவதால் கார்பனைல் பகுதி துடைத்த பலகை போலக் காலியாக இருக்கும். அதில் அசிட்டிக் அமிலத்தின் இருபடியாதல் மாறிலி, அதாவது ஜோடி சேரும் போக்கைக் காட்டும் எண், லிட்டர்/மோல் அலகில் ஆயிரங்களில் இருக்கிறது. 0.1 மோலார் கரைசலை எடுத்தால் மூலக்கூறுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் வளையமாக இருக்கும். மீதி தனி மூலக்கூறுகள், அவற்றின் கார்பனைல் 1765 பக்கத்தில் தள்ளி நிற்பதால் குழப்பாது. தூய அமிலம் 17.5 மோலார். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே படிப்படியாகப் பயணிக்கலாம்.

சாதாரண ராமனோடு அவர்கள் ஒத்திசைவு எதிர்-ஸ்டோக்ஸ் ராமன் சிதறலையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆய்வகப் பேச்சில் கார்ஸ். அதில் இரண்டு லேசர்கள் சேர்ந்து அதிர்வைத் தூண்டி, மூன்றாவது ஒளி அதை வாசிக்கும். இங்கே தேவைப்பட்டது அதன் ஒரு குணம்தான். சாதாரண ராமனில் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளின் செறிவுகள் வெறுமனே கூடும். கார்ஸில் அவற்றின் வீச்சுகள் குறுக்கிட்டுக்கொள்ளும். ஆகவே ஒரே அகலப் பட்டையாகத் தோன்றியதற்குள் எத்தனை கூறுகள் ஒளிந்திருக்கின்றன என்பது வடிவத்தில் வெளிப்படும். சாதாரண நிறமாலையை நன்றாகப் பொருத்திய ஒரு கூறு-எண்ணிக்கை கார்ஸ் வடிவத்தைப் பொருத்தத் தவறினால், அந்த எண்ணிக்கை தவறு. இரண்டு நிறமாலைகளையும் ஒரே கூறுகளால் ஒருசேர விளக்க வேண்டும் என்ற நிபந்தனை, பொருத்துபவர் கைக்கு விலங்கு போடுகிறது.

முடிவு: வளைய இருபடி தூய நீர்மத்திலும் இருக்கிறது. கட்டுரையின் தலைப்பே நேரடிக் கண்டறிதல் என்றுதான் சொல்கிறது. இதற்கு மூன்று ஆண்டு முன் இங்கிலாந்தின் நாரிச்சில் மீச் குழுவும் அதிவேக நேரக்கள ராமன் முறையில் அசிட்டிக் அமில இருபடியின் தாழ் அலைஎண் அதிர்வுகளை அளந்திருந்தது.

நிஷி குழு முற்றிலும் தவறு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. தோளும் வாலும் அப்படியே இருக்கின்றன. வளையமல்லாத அமைப்புகள், திறந்த துண்டுகளோ சங்கிலிகளோ, தூய நீர்மத்தில் கணிசமாக உண்டு. விழுந்தது 'வளையம் அடிப்படை அலகு அல்ல' என்ற பகுதிதான். முன்பு உறுத்திய மின்காப்பு மாறிலி 6-க்கும் இந்தக் கலப்புச் சித்திரம் நன்றாகவே பொருந்துகிறது: வளையங்கள் அதைத் தாழ்த்துகின்றன, திறந்த துண்டுகள் முழுதாகத் தாழவிடாமல் பிடிக்கின்றன.

என் பார்வையில் 2014 ஆய்வை வெல்ல வைத்தது புதிய லேசர் அல்ல, அந்த நீர்த்தல் வரிசை. ஒரு பட்டைக்குப் பெயர் வைக்கும் முன், பெயருக்குரியவர் தனியாக நிற்கும் இடத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இதை நம் கல்லூரி ஆய்வகங்களிலும் செய்யலாம், ஒரு மாற்றத்தோடு. கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலைக் கெடுக்கும். ஓசோன் படலத்தைக் குலைப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டது. வளையஹெக்சேன் போதும். அதன் கோடுகள் 801, 1028, 1266, 1444 என்று நின்று, கார்பனைல் பகுதியைக் காலியாக விடுகின்றன. 801 கோடு இலவச அளவுகோலாகவும் உதவும். அகச்சிவப்பு நிறமாலையையும் அதே கரைசலில் அதே நாளில் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுப் பாருங்கள். 1668 ஒரு பக்கம், 1714 மறுபக்கம் என்று அவை பொருந்தாமல் நிற்பதை ஒருமுறை பார்த்த மாணவருக்குப் பரஸ்பர விலக்கு விதியை மறுபடி விளக்க வேண்டியிருக்காது.

தண்ணீர் சேர்ந்தால்

இந்தப் பகுதிதான் இன்னும் முழுதாக ஓயாதது. தூய அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊற்றினால் 1668 உச்சி தணிந்து, 1710–1715 பக்கம் உயர்ந்து, ஒரு கட்டத்தில் முன்னாள் தோள் உச்சியாகவே ஆகிவிடும். முதலில் மனத்தில் வருவது அயனியாதல். அது அல்ல. அசிட்டிக் அமிலத்தின் அமில வலிமைப்படி 1 மோலார் கரைசலில் அயனியானவை 0.4 சதவீதம் மட்டுமே. சந்தேகமிருந்தால் 928-ஐயும் 1413-ஐயும் பாருங்கள். அசிடேட் அயனி இருந்தால் அங்கே கோடு வர வேண்டும். சோடியம் அசிடேட் கரைசலை ஒருமுறை எடுத்து ஒப்பிட்டால் இந்தக் கேள்வி ஐந்து நிமிடத்தில் தீரும்.

அப்படியானால் 1710 யாருடையது? கார்பனைல் ஆக்சிஜனை நீர் பிடித்துக்கொண்ட தனி அமில மூலக்கூறா, ஒரு பக்கம் திறந்து அங்கே நீர் நுழைந்த இருபடியா, நிஷி சொன்ன அமிலக் கொத்தா? கனடாவில் இங், ஷர்வெல் இருவரும் 1987-இலேயே இந்த வரிசைக்குக் காரணிப் பகுப்பாய்வு (பல நிறமாலைகளுக்குள் ஒளிந்திருக்கும் கூறுகளைப் பிரிக்கும் கணித முறை) செய்து, எத்தனை இனங்கள் சேர்ந்து இந்த மாற்றத்தை உண்டாக்குகின்றன என்று எண்ண முயன்றார்கள். நீரில் இருபடியாதல் மாறிலி லிட்டர்/மோல் அலகில் 1-க்கும் குறைவு என்பதால், நன்றாக நீர்த்த கரைசலில் தனி நீரேற்ற மூலக்கூறுதான் ஆட்சி செய்யும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அடர்ந்த கரைசலில், அதாவது அமிலமும் நீரும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் நிற்கும் இடத்தில், ராமன் மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. நீரின் வளைவு அதிர்வு 1640-இல் உட்கார்ந்துகொண்டு 1668-இன் இடப்பக்கச் சரிவை மெல்ல உயர்த்திவிடும். ராமனில் அது பலவீனம்தான், ஆனால் நீர் கூடக்கூட அலட்சியப்படுத்த முடியாது. கன நீரில் செய்தால் அந்த வளைவு 1200 பக்கம் விலகிவிடும். ஆனால் அமிலத்தின் ஓ–எச்சும் ஓ–டி ஆகி, கார்பனைலையும் சில அலகுகள் நகர்த்திவிடும். ஒரு தொல்லையை விரட்டி இன்னொன்றை வரவழைத்த கணக்கு.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. பட்டையின் பரப்பு மூலக்கூறுகளின் எண்ணிக்கை அல்ல. வளையத்தின் ஒத்த கட்ட அதிர்வில் இரண்டு கார்பனைல்களும் சேர்ந்து முனைவாகுதிறனை மாற்றுவதால் அதன் ராமன் சிதறல் ஒரு மூலக்கூறுக்குக் கணக்கிட்டாலும் திறந்த அமைப்பினுடையதற்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை. கார்பன் டெட்ராகுளோரைடில் இருபடியாதல் மாறிலி தெரிவதால் வளையத்தின் சிதறல் திறனை அங்கே அளந்துகொள்ளலாம். ஆனால் அந்த எண்ணைத் தூய அமிலத்துக்கோ நீர்க் கரைசலுக்கோ அப்படியே எடுத்துப்போனால், ஒளிவிலகல் எண்ணும் சுற்றுப்புறப் புலமும் மாறுவதால் திருத்தம் தேவைப்படும். திறந்த துண்டுகளுக்கோ தனியாக நிற்கும் ஒரு குறிப்புக் கரைசலே கிடையாது. ஆகவே 'தூய அசிட்டிக் அமிலத்தில் இத்தனை சதவீதம் வளையம்' என்று பட்டைப் பொருத்தத்திலிருந்து ஒற்றை எண்ணை எடுத்துத் தரும் அட்டவணையைப் பார்த்தால், முதலில் எத்தனை கூறுகள் வைத்துப் பொருத்தினார்கள் என்றும், ஒவ்வொன்றுக்கும் எந்தச் சிதறல் திறனை வைத்தார்கள் என்றும் தேடுகிறேன். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் 'எல்லாவற்றுக்கும் சமம்' என்ற அனுமானம்தான் பதிலாக இருக்கும், அதுவும் அடிக்குறிப்பில்.